ஈட்டி பத்து, துவக்கு ஒன்று, சேருமிடம் கிளிநொச்சி

விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர்களுக்கு விளையாட நேரம் கிடைப்பதில்லை. ஆனால் சாமான் கப்பலில் வந்தால், மற்ற எல்லாரும் சேர்ந்து எங்களை வைத்து விளையாடுவார்கள்.

என் பெயர் ஜெனிற்றா. கிளிநொச்சியில் பதினொரு வருடமாக அப்படியொரு கடை நடத்துகிறேன். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, பள்ளிக்கூடக் காலத்தில் வலைப்பந்து விளையாடி ஒரு முழங்காலைக் கெடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த முழங்காலை நம்பி வியாபாரத்துக்கு வந்தவள். கடையில் என்னோடு நிற்பவர் யோகன் அண்ணை. பட்மின்ரன் மட்டைக்கு நரம்பு பின்னுவதில் வன்னியில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

"உங்கள் பொதி துறைமுகத்தை வந்தடைந்துவிட்டது" என்ற குறுந்தகவலைப் பார்த்துச் சந்தோசப்பட்டு, பிறகு அந்தச் சந்தோசத்தை நினைத்து வெட்கப்பட்டவர்கள் யாராவது இதை வாசித்தால், கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள். நாங்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றவர்கள். இதில் நான் சொல்வது என் முதல் இறக்குமதியின் கதை.

படகுக்குப் போட்ட மருந்து

மல்லாவிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் உடற்கல்வி ஆசிரியர் தவம் சேர். ஒருநாள் பின்னேரம் பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றின் கூரையில் பதின்மூன்றடி நீளக் கோல் ஒன்றைக் கட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து இறங்கினார். கோலூன்றிப் பாய்கிற கோல். நடுவில் கையளவு நீளத்துக்கு வெடிப்பு. இதை ஒட்டுவதற்கு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார், சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடக் கேட்கிற குரலில்.

அது முதல் வெடிப்பு இல்லை. முந்தி ஒருதரம் வெடித்தபோது, கரையில் படகு திருத்துகிற ஒருவரிடம் கொடுத்து, படகின் அடிக்குப் போடுகிற ஃபைபர் துணியும் பசையும் வைத்துச் சுற்றியிருக்கிறார்கள். கடலில் போகிற சாமானுக்குப் போடுகிற மருந்து ஆகாயத்தில் போகிற சாமானுக்கும் பிடிக்கும் என்று நம்பியிருக்கிறார்கள். ஆறு மாதம் பிடித்துமிருக்கிறது.

அந்தக் கோலில் பாய்கிற பிள்ளையும் கூட வந்திருந்தாள். பெயர் பவித்திரா. பத்தாம் வகுப்பு, மெலிந்த பிள்ளை, கடைக்குள் வந்தும் ஒன்றையும் தொடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மாகாணப் போட்டியில் போன முறை நாலாம் இடம் வந்தவளாம், இந்த ஒட்டுப் போட்ட கோலோடு. ஒட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை என்று தவம் சேரிடம் சொல்லிவிட்டு, இதைப் பிடித்துக்கொண்டு மேலே போகப் பயமில்லையா என்று பிள்ளையைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள்.

"பாயேக்க பயமில்லை அன்ரி. கோல் சத்தம் போடேக்கதான்."

நிற்கிற தொழில்

வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் விசயம் கேள்விப்பட்டு, கோல் மட்டும் என்ன, மைதானத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தவம் சேர் பட்டியல் போட்டார்: கோல் இரண்டு, பாய்ந்து விழுவதற்குத் தடித்த மெத்தை, ஈட்டி, குண்டு, சம்மட்டி, ஓட்டத்தைத் தொடக்கி வைக்கிற சத்தத் துப்பாக்கி. கொழும்பு மொத்த வியாபாரிகளிடம் கோல் இல்லை. தடி இருக்கிறது, திரைச்சீலை போடலாம் என்றார் ஒருவர். கடைசியில் சீனாவில் ஒரு தொழிற்சாலைக்கு நேரே ஓடர் போட்டேன்.

பொதி கப்பலில் ஏறியதும் வவுனியாவிலிருந்து குணா அண்ணை கடை தேடி வந்தார். இறக்குமதிச் சாமானைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிற ஏஜென்ட். இருபது வருட அனுபவம், சட்டைப் பையில் நாலு பேனை. கூலியைச் சொன்னார். அந்தக் கூலிக்கு நீங்கள் அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நிற்பேன் என்றார். எங்கே நிற்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு நிற்பதுதான் தொழில் என்று விளக்கமும் தந்தார்.

நானோ முதல்நாள்தான் இணையத்தில் ஒரு காணொளி பார்த்திருந்தேன். அதில் ஒரு தம்பி, குளிரூட்டிய அறைக்குள் இருந்துகொண்டு, சுங்க வேலையைப் பத்து நிமிடத்தில் யாரும் தாங்களே முடிக்கலாம் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்கும் வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியும், ஒன்றரை முழங்காலில் நிற்கவும் தெரியும். நானே எடுக்கிறேன் என்றேன். குணா அண்ணைக்குக் கோபம் வரவில்லை. கொடுத்த தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்தார்.

"நீங்களே எடுங்கோ தங்கச்சி, நல்ல விசயம். என்ர நம்பரை மட்டும் அழிச்சுப்போடாதேங்கோ."

பொம்மைகளின் அத்தியாயம்

காலை ரயிலில் கொழும்புக்குப் போனேன். சுங்கப் படிவத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இலக்கம் எழுத வேண்டும். அந்த இலக்கங்களுக்கு ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. உலகத்தில் மனிதன் செய்து விற்கிற எல்லாப் பொருளும் அதில் உண்டு: உயிருள்ள கழுதை உண்டு, குடைக் கம்பி உண்டு, பொய்ப்பல் உண்டு. விளையாட்டுச் சாமானைத் தேடிப் போனால், அது பொம்மைகளோடு ஒரே அத்தியாயத்தில் இருக்கிறது. இதைத் தவம் சேரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அவர் முப்பது வருடம் வெயிலில் நின்ற மனிதர்.

சரி, அத்தியாயம் கிடைத்துவிட்டதே என்று இலக்கங்களை எழுதினால், சப்பாத்துக்கு வேறு அத்தியாயம், கையுறைக்கு வேறு, எல்லாவற்றையும் போட்டுவந்த பைக்கு வேறு. முதல் படிவத்தைக் கிழித்தேன். இரண்டாவதில் இலக்கம் சரி, திகதி பிழை. மூன்றாவதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், பிரதிகள் எங்கே என்று கேட்டார்கள். காணொளித் தம்பி பிரதிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குளிரூட்டிய அறைக்குப் பிரதி தேவைப்படாது போலும்.

பக்கத்து ஒழுங்கையில் போட்டோக் கொப்பி எடுக்கிற ஒரு சின்னக் கடை இருந்தது. கடைக்காரர் மலையகத்துத் தமிழர். என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், ஒரு கேள்வியும் கேட்காமல் மூடியைத் திறந்து காகிதத்தை வைத்தார். மூன்று பிரதி போதும் என்று சொன்னேன். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரேயொரு சட்ட ஆலோசனையை அவர்தான், அதையும் இலவசமாக, சொன்னார்.

"எல்லாரும் மொதல்ல மூணுன்னுதான் சொல்லுவாங்க மேடம். நான் ஆறாப் போட்டுத் தர்றேன், நீங்க ரெண்டுவாட்டி வெயில்ல நடக்க வேணாம்."

தாளுக்கு விளங்கவில்லை

படிவம் ஒருவழியாக உள்ளே போனது. பிறகு அதிகாரி ஒருவர் என் விலைச்சிட்டையை எடுத்தார். சாமான் அனுப்பிய தொழிற்சாலை அடித்துத் தருகிற பட்டியல் அது. தொழிற்சாலைக்காரர் எங்கள் ஓடரைத் தங்கள் மொழிக்கு மாற்றி, திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றி அடித்திருந்தார்கள். இந்தப் போக்குவரத்தில் சாமான்கள் குணம் மாறிவிட்டன. மைதானத்தில் எறிகிற ஈட்டி, ஆளைக் குத்துகிற ஈட்டியாகியிருந்தது: "ஸ்பியர்", பத்து. எறிகிற இரும்புக் குண்டு, துவக்கில் போடுகிற குண்டாகியிருந்தது: "ஷொட்", பத்து. எறிகிற சம்மட்டி, வெறும் சுத்தியலாகியிருந்தது: நாலு. சத்தத் துப்பாக்கியில் சத்தம் என்ற சொல்லைக் காணவில்லை: "கன்", ஒன்று. இவ்வளவுக்கும் கீழே, சேருமிடம் கிளிநொச்சி.

பொதி ஏறுவதற்கு முதலே அந்தத் தாள் எனக்கு மின்னஞ்சலில் வந்திருந்தது. நான் விலையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்தவள். ஆகவே பிழை என்னுடையதுதான்.

அதிகாரி ஒருதரம் வாசித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். ஐம்பது வயது தாண்டிய சிங்களவர், முந்தி வவுனியாவில் வேலை செய்தவராம், தமிழ் நன்றாகக் கதைத்தார். அந்தப் பட்டியலுக்கும் அந்த ஊர்ப் பெயருக்கும் நடுவில் என்ன கிடக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கைத்தொலைபேசியை எடுத்து, பவித்திரா ஒட்டுப் போட்ட கோலோடு பாய்கிற காணொளியைக் காட்டினேன். பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"மிஸ், இது விளையாட்டுச் சாமான் என்று எனக்கு விளங்குது. ஆனா தாளுக்கு விளங்க இல்லை."

யோகன் அண்ணையின் கால்

தாளுக்கு விளங்க வைக்க வேண்டுமென்றால், திருத்திய விலைச்சிட்டையும் அதிபரின் கடிதமும் வேண்டும். துப்பாக்கிக்கு வேறோர் இடத்து அனுமதி வேண்டும் என்றார்கள். அது நியாயம்தான். துப்பாக்கியே வேண்டாம் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் இரண்டு பலகையை ஒன்றோடொன்று அடித்தாலே பிள்ளைகள் நன்றாக ஓடுவார்கள்.

அதிபர் அருமையான தமிழில் கடிதம் எழுதித் தந்தார். அதை ஆங்கிலமாக்க ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தேன். திரும்பி வந்த தாளில் குண்டு பத்து, வெடிகுண்டு பத்தாகியிருந்தது. நல்லவேளை, இந்தமுறை கண்ணில் பட்டது. அந்த இடத்திலேயே நின்று மாற்றுவித்தேன். குண்டைப் பிடித்த பெருமையில் மிச்சத்தை வாசிக்காமல் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, கோலூன்றிப் பாய்தல் என்பதை அவர் ஊன்றுகோலுடன் பாய்தல் என்று எழுதியிருக்கிறார். இது கால் இயலாதவர்களுக்கான உபகரணமா என்று அதிகாரி அக்கறையோடு கேட்டார். அப்படியானால் வேறு இலக்கம், சலுகை ஏதும் இருக்கலாம், உரிய கடிதங்கள் இருந்தால் பார்க்கலாம் என்றார்.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு மனம் ஆடியது. வன்னியில் அப்படியொரு கடிதம் எடுப்பது பெரிய வேலையா? என் கடையிலேயே யோகன் அண்ணை இருக்கிறார். சண்டையின் கடைசிக் காலத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து, மரநிழலில் நின்று அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். விசயத்தைச் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். மறுமுனையில் மட்டைக்கு நரம்பு இழுக்கிற சத்தம் கேட்டது.

"என்ர காலைக் காட்டி வரியைக் குறைக்கலாமெண்டால் குறைச்சுப் பாருங்கோ பிள்ளை. ஆனா அந்தக் கோலை ஊண்டி என்னைப் பாய்ஞ்சு காட்டச் சொல்லி ஒருத்தரும் வரக்குடாது."

அனுபவம்

திரும்பி உள்ளே போய், மொழிபெயர்ப்பு பிழை, இது கால் உள்ள பிள்ளை பாய்கிற கோல் என்று சொன்னேன். அப்படியானால் கடிதத்தைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அதுவும் சரிதான். இப்படிச் சரியான காரணங்களுக்காக மட்டுமே நான் நாலுமுறை கொழும்புக்குப் போய் வந்தேன். ஒருமுறைகூட யாரும் என்னிடம் அநியாயமாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது ஆறுதல் அடைந்திருப்பேன். இதற்கிடையில் பொதி கிடங்கில் இரண்டு மாதத்துக்கு மேல் வாடகைக்கு இருந்தது. கிளிநொச்சியில் நான் இருக்கிற வீட்டுக்குக்கூட அவ்வளவு வாடகை இல்லை. மாகாணப் போட்டிக்கு இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான். தவம் சேர் தொலைபேசியில் கோலைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு என் சுகத்தை விசாரிக்கத் தொடங்கினார். அதுதான் என்னை உடைத்தது. குணா அண்ணையின் இலக்கத்தை அழுத்தினேன்.

அவர் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. வந்தார், நாலு பேனையோடு. நான் எழுதிய அதே படிவம், நான் எடுத்த அதே ஆறு பிரதி. எந்த யன்னலுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், எந்த யன்னலில் ஆள் மாறும்வரை தேத்தண்ணி குடிக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்றரை நாளில் பாதி முடிந்தது. நான் சுவரோரத்து மர வாங்கில் குந்தி இருந்துகொண்டு, காணொளித் தம்பியை மனதுக்குள் கூப்பிட்டு நாலு வார்த்தை கதைத்தேன்.

மிச்சப் பாதியில்தான் விசயம் நடந்தது. பாய்ந்து விழுகிற மெத்தைக்கான தாளைக் குணா அண்ணை தானே புதிதாக எழுதினார். இருபது வருட அனுபவம் அல்லவா, சுருக்கமாக "மெத்தை" என்று எழுதிவிட்டார். படுக்கிற மெத்தை என்று எடுத்துக்கொண்ட யன்னல்காரர் அதன் அளவைப் பார்த்துத் திகைத்துவிட்டார். பதினாறடிக்குப் பதின்மூன்றடி. எத்தனை பேர் படுக்கிற வீடு என்று கேட்டார். அதைத் திருத்த இன்னும் ஒரு முழுக் கிழமை போயிற்று. இதைத்தானே நானும் செய்தேன், அதற்கு ஏன் தனியாகக் கூலி என்று வாங்கில் இருந்தபடி கேட்டேன். குணா அண்ணை பேனையை மூடிப் பையில் போட்டார்.

"தங்கச்சி, நீங்கள் விட்டது பிழை. நான் விட்டது அனுபவம்."

நல்ல சாமான்

கடைசியில் சாமான் வெளியே வந்தது. லொறியில் ஏற்றினால் கோல் இரண்டும் பின்பக்கத்தால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. நுனியில் சிவப்புத் துணி கட்டினோம். சாரதிக்குப் பக்கத்தில் நான். பொதியைப் பிரிந்து தனியே பஸ்ஸில் வர எனக்கு மனம் வரவில்லை. பார்க்காவிட்டால் திரும்பிப் போய்விடும் போல ஒரு பயம்.

வவுனியா தாண்ட முதல் போக்குவரத்துப் பொலிஸ்காரர் கையைக் காட்டினார். இளம் வயது, தமிழ்ப் பொடியன். லொறியைச் சுற்றி வந்து கோலைத் தட்டிப் பார்த்தார். நான் என் பைலை எடுத்து, விலைச்சிட்டை, திருத்திய விலைச்சிட்டை, அதிபர் கடிதம், மொழிபெயர்ப்பு, திருத்திய மொழிபெயர்ப்பு, சுங்கப் படிவம் எல்லாவற்றையும் லொறியின் முன்பக்கத்தில் கடை பரப்பினேன். அவர் அதில் ஒன்றையும் தொடவில்லை. இது என்ன சாமான் என்று மட்டும் கேட்டார். இரண்டரை மாதத்தில் அந்தக் கேள்விக்கு வாயால் சொல்கிற பதிலை ஏற்றுக்கொண்ட முதல் மனிதர் அவர்தான். ஓடிவந்து இதை ஊன்றி, உயரத்தில் இருக்கிற தடிக்கு மேலால் பாய்வது என்றேன். தலையை அண்ணாந்து உயரத்தை ஒருதரம் மனதால் அளந்து பார்த்தார். போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, ஒரு புத்திமதியும் தந்தார்.

"நல்ல சாமான் அக்கா. மதில் பாயிற கள்ளரின்ர கண்ணில படாமக் கொண்டுபோங்கோ."

ஆறு கிலோ

மல்லாவியில் பள்ளிக்கூடமே வாசலுக்கு வந்து நின்றது. மெத்தையை இறக்க இருபது பேர் கை கொடுத்தார்கள். தவம் சேர் கோலின் உறையைப் பிரித்து, கையால் தடவி, அதில் ஒட்டியிருந்த சின்னத் தாளை வாசித்தார். முகம் மாறியது. ஒரு பிள்ளையை அனுப்பி, சுகாதார அறையிலிருந்து நிறை பார்க்கிற தராசை எடுப்பித்தார். பவித்திராவைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார்.

இந்தக் கோல்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பாய்கிறவரின் நிறைக்கு ஏற்ற கோல்தான் பிடிக்க வேண்டும். நிறை கூடினால் கோல் உடையும். ஓடர் போட்ட நாளில் பவித்திரா நாற்பத்தேழு கிலோ. அதற்கென்று எடுத்த கோல் ஐம்பது கிலோவரை தாங்கும். தராசின் முள் ஐம்பத்துமூன்றில் நின்றது. தொழிற்சாலையும் கப்பலும் நானும் சேர்ந்து ஏழு மாதம் எடுத்ததில், பிள்ளை தன்பாட்டில் வளர்ந்துவிட்டாள். அவள் ஏதோ குற்றம் செய்தவள் போல, காலைச் சாப்பாட்டைக் குறைக்கட்டுமா என்று கேட்டாள். நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் நாலு பயணத்துக்கும் அந்தப் பிள்ளை ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

நல்லகாலம், அடுத்த வருடத்துக்கு உதவும் என்று தவம் சேர் கேட்டிருந்த இரண்டாவது கோல் அறுபது கிலோ தாங்கும். கொஞ்சம் விறைப்பான கோல், பழக நாள் எடுக்கும். போட்டிக்கு இருந்தது ஒன்பது நாள். சின்னக் கோலை உறையில் போட்டுக் கட்டிவிட்டு, தவம் சேர் தராசைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இனி ஓடர் போடேக்க பிள்ளையின்ர இண்டைய நிறையைப் பாக்கிறேல்லை, ஜெனிற்றா. படிவம் நிரப்பி முடியிற நாளில என்ன நிறை வருமெண்டு பாத்துப் போடுவம்."

இரண்டாம் இடம்

ஒன்பது நாளில் முதல் ஐந்து நாளும் கோல் வளையவில்லை. பவித்திரா ஓடிவந்து ஊன்றுவாள், கோல் அசையாமல் நிற்கும், அவள் பக்கத்தால் ஓடி மெத்தையில் போய் விழுவாள். அந்தத் தடித்த மெத்தை மட்டும் இல்லையென்றால் என் கடையில் ஊன்றுகோல்தான் வாங்கியிருப்பார்கள். ஆறாம் நாள் கோல் வளைந்தது. தவம் சேர் எனக்குத் தொலைபேசி எடுத்து, மைதானத்தில் பிள்ளைகள் கைதட்டுகிற சத்தத்தைக் கேட்க வைத்தார். எனக்கு விளங்கிவிட்டது.

போட்டியன்று கடையைப் பூட்டிவிட்டு, யோகன் அண்ணையும் நானும் போனோம். பவித்திரா இரண்டாம் இடம். முதலாவது வந்த பிள்ளைக்கும் அவளுக்கும் ஒரு சாண் வித்தியாசம்கூட இல்லை. ஆனால் போன வருடத்துப் பவித்திராவைவிட முழுசாக ஒரு முழம் மேலே போனாள். கடைசி உயரத்தை அவள் தாண்டியபோது யோகன் அண்ணை எழும்பி நின்றார். அவருக்கு எழும்புவது சின்ன வேலை இல்லை. திரும்பக் கதிரையில் இருக்க நான்தான் பிடித்துவிட வேண்டியிருந்தது.

பிறகு மைதானத்து ஓரத்தில் அவளுக்கு ஒரு சோடாப் போத்தலை உடைத்துக் கொடுத்தேன். தவம் சேர் வழியெல்லாம் சொல்லியிருப்பார் போல, ஈட்டி துவக்கிலிருந்து குடும்பமே படுக்கிற மெத்தை வரைக்கும் அவளுக்கு முழுக் கதையும் தெரிந்திருந்தது. அந்தக் கடைசி உயரத்துக்கு ஓடத் தொடங்கும்போது என்ன நினைத்தாய் என்று கேட்டேன்.

"இந்தக் கோல் வந்த வழியைக் கேட்டாப் பிறகு, அந்த உயரம் பெரிசாத் தெரியேல்லை அன்ரி."

உள்ளூர்ப் பந்து

செய்தி பரவிவிட்டது. கிளிநொச்சியில் ஒரு பெண், கொழும்புக்குத் தனியாகப் போய்ச் சுங்கத்திலிருந்து சாமான் எடுக்கிறாள் என்று. குணா அண்ணையின் பெயர் அந்தச் செய்தியில் எப்படியோ விடுபட்டுப் போயிருந்தது. திருத்த வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

போன கிழமை புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு விளையாட்டுக் கழகத்துச் செயலாளர் வந்தார். கரப்பந்து, வலை, கம்பம், எல்லாம் வெளிநாட்டிலிருந்து எடுக்க வேண்டுமாம். நாங்களே போய் எடுப்பதா, ஏஜென்ட் ஒருவரிடம் கொடுப்பதா, எது நல்லது அக்கா என்று கேட்டார். இப்படியொரு கேள்விக்காகத்தான் நான் இவ்வளவு நாளும் காத்திருந்தேன். கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, பொம்மைகளின் அத்தியாயத்தில் தொடங்கி, பைலைத் திறந்து ஒவ்வொரு தாளாக எடுத்துக் காட்டி, ஒரு மணித்தியாலம் நிறுத்தாமல் விளங்கப்படுத்தினேன். இடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து, கொஞ்சம் கேட்டுவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனார்கள். செயலாளர் மரியாதையான பிள்ளை. கடைசித் தாள்வரை கவனமாகப் பார்த்தார். பிறகு எழும்பி, அலுமாரியில் மூன்று மாதமாகத் தூசி பிடித்துக் கிடந்த பந்து ஒன்றை எடுத்து அமத்திப் பார்த்தார்.

"அக்கா, உள்ளூர்ப் பந்து வேற என்ன நிறத்தில கிடக்கு?"

இரண்டு வழியிலும் போய் வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்களே எடுத்தால் பிழை யாருடையது என்று உங்களுக்கு மட்டும் தெரியும், ஏஜென்ட் எடுத்தால் அதைச் சொல்லித் திட்ட ஓர் ஆள் இருப்பார், அவருக்கு நாம் கொடுக்கிற கூலி அதற்குத்தான்.